டிவி கோமாளி: முகம் ஒன்று, ஊருக்கு ஓர் ஆள்

சிகாகோ பக்கம் வளர்ந்த ஒருவரிடம் "போஸோ கோமாளியாக வந்தவர் யார்?" என்று கேட்டால் பாப் பெல் என்பார். பாஸ்டன்காரர் ஃப்ராங்க் அவ்ருக் என்பார். 1960 வாக்கில் வாஷிங்டனில் சிறுபிள்ளையாக இருந்தவர் வில்லர்டு ஸ்காட் என்று அடித்துச் சொல்வார். மூவர் சொல்வதும் உண்மை. பெயர் அதேதான், ஆரஞ்சு முடியும் அதேதான், ஆள் மட்டும் வேறு. இந்த ஏற்பாடு பிடிபடாமல் அந்தத் தலைமுறையின் டிவி நினைவுகளைக் கேட்டால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

டிவி கோமாளி என்று இங்கே சொல்வது, அமெரிக்காவில் 1940-களின் கடைசி தொடங்கி 2001 வரை, பெரும்பாலும் உள்ளூர் சேனல்களில், வந்த ஒரு வகைத் தொகுப்பாளரை. முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ஸ்டுடியோவில் நிற்பார். கார்ட்டூன் படங்களை இடையிடையே ஓட்டுவார். பிள்ளைகள் எழுதும் கடிதங்களைப் படிப்பார், விளையாட்டு வைப்பார், விளம்பரமும் சொல்வார். நமக்குப் பழக்கமான சர்க்கஸ் பபூனோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பபூனின் வேலை ஒரு சாகசத்துக்கும் அடுத்த சாகசத்துக்கும் நடுவே கூடாரத்தின் கடைசி வரிசைக்கும் தெரியும்படி விழுந்து எழுவது. டிவி கோமாளிக்கு எதிரே இருப்பது கேமரா. பார்க்கிற குழந்தை மூன்றடி தூரத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால் கத்தத் தேவையில்லை, பேசினால் போதும். அதுவும் வாரத்தில் ஐந்து நாள், அதே நேரத்தில்.

டிவிக்கு முன்னால் வந்த கோமாளி

போஸோ பிறந்தது டிவியில் அல்ல, இசைத்தட்டில். 1946-ல் கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் இருந்த ஆலன் லிவிங்ஸ்டன் குழந்தைகளுக்காக ஒரு புது வகைத் தொகுப்பைச் செய்தார். இசைத்தட்டும் வண்ணப் படப் புத்தகமும் சேர்ந்தே வரும். தட்டில் போஸோ கதை சொல்வார். நடுவில் ஒரு சைகை ஒலி கேட்கும். கேட்டதும் பக்கத்தைப் புரட்ட வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத நான்கு வயதுப் பிள்ளையும் யார் துணையுமின்றிப் புத்தகம் 'படிக்க' முடிந்தது இப்படித்தான்.

இதற்குள் ஒரு சின்ன நுட்பம் உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். கதையை அந்த மூன்று நிமிடத் துண்டுகளாக வெட்ட வேண்டும், ஒவ்வொரு துண்டின் முடிவிலும் தட்டைத் திருப்பிப் போட ஓர் இடைவெளி விட வேண்டும். பிள்ளை ஒரு சைகையைத் தவறவிட்டால் அதன்பின் எல்லாம் ஒரு பக்கம் பின்தங்கும். யானை பேசும்போது புத்தகத்தில் சிங்கம் இருக்கும். கீறல் விழுந்த தட்டில் ஊசி அதே பள்ளத்தில் சிக்கிச் சுற்றினால் சைகையும் திரும்பத் திரும்பக் கேட்கும், பிள்ளையும் சொல்பேச்சு கேட்டு மளமளவெனப் பக்கம் புரட்டிவிடும்.

குரல் கொடுத்தவர் பின்டோ கால்விக். டிஸ்னியின் கூஃபிக்கும் அவர்தான் குரல். இளவயதில் சர்க்கஸில் கோமாளி வேலை பார்த்தவர் என்பதால் குரலோடு நடையும் கைவசம் இருந்தது. 1949-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் கேடிடிவி சேனலில் போஸோ முதன்முதலாக டிவிக்கு வந்தபோது வேடம் போட்டதும் அவரே.

அந்த ஆண்டுகளில் பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் டிவி கிடையாது என்பதை மறந்துவிட வேண்டாம். 1950-ல் நூற்றுக்கு ஒன்பது வீட்டில்தான் டிவி இருந்தது. காரணம் விலை மட்டுமல்ல. 1948 செப்டம்பரில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் புதிய நிலையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்திவைத்தது. ஒரே அலைவரிசையை அருகருகே இருந்த ஊர்களுக்குக் கொடுத்ததால் ஒன்றின் படத்தில் இன்னொன்று ஏறிக்கொண்டிருந்தது, அதைச் சரிசெய்யத்தான் இந்த நிறுத்தம். ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்தது 1952 ஏப்ரல் வரை இழுத்தது. நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஆளுக்கு ஏழு சேனல் இருந்தபோது, டென்வர் மாதிரியான பெரிய நகரத்தில் ஒன்றுகூட இல்லை. டென்வரின் முதல் நிலையம் 1952 ஜூலையில்தான் வந்தது, ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டுக்கு அதே ஆண்டு செப்டம்பரில்.

ஆக, 1940-களின் கடைசியில் பிறந்த இரண்டு அமெரிக்கக் குழந்தைகள் எந்த ஊரில் பிறந்தார்கள் என்பதைப் பொறுத்து டிவியோடோ டிவி இல்லாமலோ வளர்ந்தார்கள். இல்லாதவர்களுக்கு வானொலி இருந்தது, சனிக்கிழமை மதிய சினிமாக் காட்சி இருந்தது, வருஷத்துக்கு ஒருமுறை ரயிலில் வந்திறங்கும் சர்க்கஸ் இருந்தது. போஸோவும் இருந்தார், இசைத்தட்டாக. இது கடைசியில் மறுபடி வரும், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிவி இல்லாமல் வளர்ந்தால் என்ன ஆகும் என்பதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 1959-ல் மேற்குக் கனடாவில் டிவி எட்டிய ஓர் ஊரையும் எட்டாத ஓர் ஊரையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். முதல் வகுப்பில் சேரும்போது டிவி ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்வளம் ஏறக்குறைய ஓராண்டு முன்னே இருந்தது. ஆறாம் வகுப்புக்கு வரும்போது அந்த வித்தியாசம் காணாமல் போயிற்று. டிவி இல்லாத ஊர்ப் பிள்ளைகள் காமிக்ஸ் அதிகம் படித்தார்கள், வானொலி அதிகம் கேட்டார்கள், சினிமாவுக்கு அதிகம் போனார்கள்.

பிற்பாடு 1973-ல் டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸும் குழுவினரும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இன்னும் கச்சிதமான ஒரு வாய்ப்பைப் பிடித்தார்கள். பள்ளத்தாக்கில் இருந்ததால் அலை எட்டாத ஒரு சிற்றூருக்கு டிவி வரப்போகிறது என்று தெரிந்ததும், வருவதற்கு முன்பும் வந்து இரண்டாண்டு கழித்தும் அளந்தார்கள். முதலில் அந்த ஊர்ப் பிள்ளைகள் புதுமையாக யோசிக்கும் சோதனையில் பக்கத்து ஊர்களைவிட மேலே நின்றார்கள். இரண்டாண்டில் அந்த மேன்மை போய் எல்லாரோடும் சமமானார்கள். விளையாட்டுத் திடலில் அடிதடியும் திட்டும் கூடின. ஊர்க் கூட்டங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் வருகிறவர்கள் குறைந்தார்கள். இதை வைத்து "டிவி கெடுதல்" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் 1959 முடிவை வசதியாக விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரிவது எளிமையானது: டிவி தனக்கு வேண்டிய நேரத்தை வேறெதிலிருந்தோ எடுத்தது. எதிலிருந்து எடுத்தது என்பதைப் பொறுத்தே லாபமும் நஷ்டமும்.

முகத்தை வாடகைக்கு விட்டவர்

டிவி கோமாளிகளில் இரண்டு இனம். ஒன்று, நாடு முழுக்க ஒரே நேரத்தில் தெரிந்தவர்கள். 1947 டிசம்பரில் என்பிசியில் தொடங்கிய ஹவுடி டூடி நிகழ்ச்சியின் கிளாரபெல் இந்த இனம். பேசாத கோமாளி. இடுப்பில் கட்டிய பெட்டியில் ஹாரன்கள் இருக்கும், 'ஆம்', 'இல்லை' எல்லாம் அவற்றிலேயே. கையில் சோடா பீய்ச்சும் பாட்டில். 1960 செப்டம்பர் 24 அன்று, கடைசி நிகழ்ச்சியின் கடைசி நொடியில், கேமராவை நெருங்கி முதன்முறையாக வாய் திறந்து "போய் வருகிறேன், பிள்ளைகளே" என்றார். பதிமூன்று வருஷ மௌனத்தைச் சேமித்து ஒரே வரியில் செலவு செய்தது டிவி கோமாளிகளின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த கணம் என்று தயங்காமல் சொல்லலாம்.

இரண்டாவது இனம் உள்ளூர்க் கோமாளி. இங்கேதான் போஸோ வருகிறார். இசைத்தட்டு விற்பனைக்காகப் போஸோ வேடம் போட அமர்த்தப்பட்ட நடிகர்களில் ஒருவர் லாரி ஹார்மன். 1956-ல் அவர் கூட்டாளிகளோடு சேர்ந்து அந்தப் பாத்திரத்தின் உரிமையை வாங்கினார். நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சியை விற்பதைவிட, ஒவ்வொரு ஊர் நிலையத்துக்கும் ஒரு போஸோவை வைத்துக்கொள்ளும் உரிமத்தை விற்பது மேல் என்று கணக்குப் போட்டார். இன்று ஒரே பெயர்ப்பலகையில் ஊருக்கு ஊர் ஓட்டல் திறக்கிறார்களே, அதே முறைதான்.

நிலையத்துக்கு அவர் தந்தவை: பெயர், உடை, தலைமுடித் தொப்பி, ஒவ்வொன்றும் ஐந்தாறு நிமிடம் ஓடும் போஸோ கார்ட்டூன்கள் 150-க்கு மேல், வேடம் போடுபவருக்குப் பயிற்சி. நிலையம் போட வேண்டியவை: ஆள், ஸ்டுடியோ, பிள்ளைகள், விளம்பரதாரர். பெரும்பாலும் அந்த ஆள் புதிதாக வேலைக்கு எடுத்தவர் அல்ல. அறிவிப்பாளராகவோ வானிலை சொல்பவராகவோ ஏற்கெனவே சம்பளம் வாங்குகிறவர்தான். வாஷிங்டனில் 1959 முதல் 1962 வரை போஸோவாக இருந்த வில்லர்டு ஸ்காட் அப்படிப்பட்டவர். அந்த நிகழ்ச்சி நின்ற பின் 1963-ல் மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தில் ரொனால்ட் மெக்டொனால்டாக முதன்முதல் தோன்றியவரும் அவரே. பிறகு தேசிய அளவில் வானிலை சொல்பவராகப் பெயர் எடுத்தார்.

இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் போஸோவாகப் பழக்கியதாக ஹார்மன் சொல்லிவந்தார். முகம் மூடியிருப்பதால் ஆளை மாற்றுவது சுலபம் என்பதுதான் இந்த வியாபாரத்தின் உயிர். ஆனால் குரலும் சிரிப்பும் மாறினால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் பயிற்சியில் முகச் சாயம் பாதி, குரலும் சிரிப்பும் நடையும் மீதி.

முகம் எப்படிப் போடுவது

கோமாளி முகத்தில் மூன்று பழைய வகைகள் உண்டு. முகம் முழுக்க வெள்ளை பூசுவது முதலாவது. தோல் நிறத்தை ஒட்டிய சாயம் பூசி, கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் மட்டும் வெள்ளை வைப்பது இரண்டாவது, இதற்கு 'ஆகஸ்ட்' என்று பெயர். தாடி நிழலும் சோகக் கண்ணுமாக வரும் நாடோடி மூன்றாவது. போஸோ வெள்ளைமுகக்காரர், ஆனால் பெரிய சிவந்த வாயும் மூக்கும் ஆகஸ்டிடம் கடன் வாங்கியவை.

செய்முறை இது. முகத்தை நன்றாகச் சவரம் செய்து, கழுவி, முழுதாக உலர்த்த வேண்டும். எண்ணெய்ச் சாயத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, மிக மெல்லியதாகப் பூச வேண்டும். பிறகு விரல் நுனிகளால் தட்டித்தட்டிக் கோடுகளை மறைக்க வேண்டும். வாயும் கன்னமும் வரும் இடத்தில் பஞ்சுக்குச்சியால் வெள்ளையைத் துடைத்தெடுத்துவிட்டுச் சிவப்பை வைக்க வேண்டும். வெள்ளையின் மேலேயே சிவப்பை வைத்தால் ரோஸ் ஆகிவிடும். அடுத்தது பவுடர். ஒரு சுத்தமான பருத்திக் காலுறைக்குள் பவுடரைப் போட்டு முடிந்து முகமெங்கும் தட்டுவது கோமாளிகளின் பழைய வழக்கம். ஓரிரு நிமிடம் விட்டு, அதிகப்படியை மெல்லிய தூரிகையால் தள்ள வேண்டும். கறுப்புக் கோடுகள் கடைசியில், அவற்றின் மேலும் ஒரு தட்டுப் பவுடர்.

எங்கே கெடும் என்றால், முக்கால்வாசி நேரம் சாயம் கூடிப்போவதில்தான். தடியாகப் பூசினால் சிரிக்கும்போது கன்னத்தில் வெடிக்கும். பவுடர் குறைந்தால் விளக்குச் சூட்டில் கறுப்பு வழிந்து வெள்ளைக்குள் இறங்கும், அரை மணியில் அழுத முகம் ஆகிவிடும். கறுப்பு வெள்ளை டிவிக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. அந்தக் காலக் கேமராவில் மிகப் பிரகாசமான பரப்பைச் சுற்றிக் கரிய வளையம் விழும், அதனால் பளீர் வெள்ளை ஆகாது. சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகத் தெரியலாம். நிறத்தால் பிரித்துக் காட்ட முடியாததை வெளிச்சம், இருட்டு என்ற அளவால்தான் பிரிக்க வேண்டும். வாயைச் சுற்றிக் கறுப்புக் கோடு இழுப்பது அழகுக்கு மட்டுமல்ல. அது இல்லாவிட்டால் சாம்பல் முகத்தில் சாம்பல் வாய் தொலைந்துபோகும்.

போஸோவின் தலை தனிக் கைவேலை. யாக் என்ற திபெத்து மாட்டின் முடியைக் கித்தான் தொப்பியில் ஒட்டியிருப்பார்கள். உள்ளே கஞ்சி போட்டு விறைப்பாக்கிய சாக்குத்துணி. பக்கவாட்டில் இறக்கை மாதிரி சீவிவிட்டு, கெட்டியாக வார்னிஷ் தெளித்து நிறுத்துவார்கள். தொப்பியின் முன்பகுதி நடிகரின் நெற்றியை மூடிக்கொண்டு இறங்கும், பெரும்பாலான ஊர்களில் புருவமும் அந்தத் தொப்பியிலேயே வரைந்திருக்கும். அதனால் அந்தப் போஸோக்களின் புருவம் உயராது, தாழாது. சிகாகோ தொப்பி மட்டும் விலக்கு. அங்கே புருவத்தை நடிகரின் முகத்திலேயே வரைந்தார்கள். பாப் பெல்லின் முகத்தில் மற்றவர்களிடம் இல்லாத உயிர் இருந்ததாகச் சிகாகோக்காரர்கள் சொன்னால், அது ஊர்ப்பாசம் மட்டும் அல்ல.

ஆறு வாளியும் ஒரு பந்தும்

சிகாகோவின் டபிள்யூஜிஎன் நிலையத்தில் 1960-ல் தொடங்கி, 1961 செப்டம்பரில் ஒரு மணி நேர மதிய நிகழ்ச்சியாக வளர்ந்தது போஸோஸ் சர்க்கஸ். நேரலை. 13 பேர் இசைக்குழு, 200-க்கு மேல் பார்வையாளர்கள். மதியம் பள்ளியிலிருந்து சாப்பிட வீட்டுக்கு வரும் பிள்ளைகளைக் குறிவைத்த நேரம் அது. ஸ்டுடியோ டிக்கெட்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால், பிள்ளை பிறக்கும் முன்பே எழுதிப் போட்ட பெற்றோர் உண்டு. டிக்கெட் கைக்கு வரும்போது சில பிள்ளைகள் கோமாளி பார்க்கும் வயதைத் தாண்டியிருந்ததும் உண்டு.

நிகழ்ச்சியின் உயிர் கிராண்ட் பிரைஸ் கேம் என்ற விளையாட்டு. ஆறு வாளிகள் வரிசையாக இருக்கும். குழந்தை கோட்டுக்குப் பின்னால் நின்று பிங்பாங் பந்தை முதல் வாளியில் போட வேண்டும். விழுந்தால் பரிசு, அடுத்த வாளி. தவறினால் முடிந்தது, அதுவரை வென்றது கையில். ஆறாவது வாளிக்கு வெள்ளி டாலர்கள். யாரும் வெல்லாத ஒவ்வொரு நாளும் ஒன்று கூடிக்கொண்டே போகும். கூடவே ஒரு சைக்கிள். பார்வையாளர்கள் அனுப்பியவற்றைப் போட்டுவைத்த டிரம்மிலிருந்து எடுத்த அஞ்சலட்டையின் சொந்தக்காரப் பிள்ளைக்கும் வீட்டில் இருந்தபடியே அதே பரிசுகள் கிடைக்கும். ஸ்டுடியோவில் எறியும் குழந்தைக்காக எங்கோ ஒரு வீட்டில் முன்பின் தெரியாத இன்னொரு குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

பார்க்கச் சுலபம், ஆனால் கடைசி வாளி ஏன் அவ்வளவு பேரைத் தோற்கடித்தது? வீட்டில் செய்து பார்க்கலாம். வாய் அகலமும் ஆழமும் 30 செ.மீ. உள்ள ஆறு பிளாஸ்டிக் வாளிகளை இடைவெளி இல்லாமல் வரிசையாக வையுங்கள். ஆறாவதன் நடுப்பகுதி கோட்டிலிருந்து 165 செ.மீ. தூரத்தில் வரும். ஏழு வயதுப் பிள்ளையின் கை சுமார் 90 செ.மீ. உயரத்தில் இருக்கும், அதாவது வாளி விளிம்புக்கு 60 செ.மீ. மேலே. முதல் வாளி காலடியில் இருப்பதால் அதன் வாய் முழு வட்டமாகத் தெரியும். ஆறாவதை நோக்கி நேர்கோட்டில் எறிந்தால் பந்து சுமார் 20 பாகைச் சரிவில்தான் இறங்கும். அந்தச் சரிவில் 30 செ.மீ. வாய் 10 செ.மீ. பிளவாகச் சுருங்கிவிடுகிறது. கீழ்க்கையால் மேலே தூக்கி, 45 பாகையில் இறங்கும்படி போட்டால் அதே வாய் 21 செ.மீ. ஆக விரியும். பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் தூரத்தால் அல்ல, பதற்றத்தில் நேராக விட்டெறிவதால்தான்.

உள்ளே போன பந்து வெளியே குதிப்பது அடுத்த சோகம். போட்டி விதிப்படி 30.5 செ.மீ. உயரத்திலிருந்து எஃகுப் பரப்பில் விழும் பிங்பாங் பந்து 24 முதல் 26 செ.மீ. வரை எழ வேண்டும். அத்தனை துள்ளல் உள்ள பந்து, முன்னோக்கிய வேகத்தோடு வாளியின் அடியில் பட்டால் எதிர் விளிம்பைத் தாண்டிவிடும். அதனால் குறி அடிப்பகுதியில் இருக்கக் கூடாது. எதிர்ப்பக்க உட்சுவரின் மேல்பாதியில் பட வேண்டும். சுவர் முன்வேகத்தைத் தின்றுவிடும், பந்து உள்ளேயே விழும். மிகச் சின்னப் பிள்ளைகள் ஆடினால் வாளிக்குள் ஈரத்துணியை இரண்டாக மடித்துப் போடுங்கள், குதிக்காது. ஆனால் பெரியவர்களுக்கு அப்படிப் போட்டால் விளையாட்டில் ருசி போய்விடும்.

உரிமக் கோமாளிகள் இப்படி என்றால், சொந்தச் சரக்கோடு வந்தவர்களும் இருந்தார்கள். சியாட்டிலின் கீரோ நிலையத்தில் 1958 முதல் 1981 வரை ஜே.பி. பேட்சஸ் என்ற கோமாளியாகக் கிறிஸ் வீடஸ் வந்தார். அவர் கையில் ஐசீயூடூடிவி என்றொரு 'கருவி' (ஆங்கிலத்தில் 'நானும் உன்னைப் பார்க்கிறேன்' என்று ஒலிக்கும் பெயர்). டிவி சட்டத்தின் வழியாகத் தன் முகத்தைக் காட்டி, எதிரே இருக்கும் பிள்ளை தனக்குத் தெரிவதாகப் பாவனை செய்வார். பெயர் சொல்லிப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி, "உன் பரிசு துணி உலர்த்தும் மெஷினுக்குள் இருக்கிறது, போய்ப் பார்" என்பார். பிள்ளை ஓடிப் பார்த்தால் இருக்கும். ஒளித்துவைத்த இடத்தை அம்மாவோ அப்பாவோ முன்கூட்டியே கடிதம் எழுதிச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் டிவிக்குக் கண் உண்டு என்று ஒரு தலைமுறைக்கே நம்பிக்கை வர இது போதுமாக இருந்தது.

ஏன் மறைந்தார்கள்

பிள்ளைகளுக்கு அலுத்துப்போனதால் அல்ல. கோமாளியின் சம்பளம் வந்தது விளம்பரத்திலிருந்து, அந்த விளம்பரத்தைச் சொன்னதும் கோமாளியே. கதை சொல்லிக்கொண்டிருந்தவர் அதே மூச்சில் காலை உணவுத் தானியத்தை வாங்கச் சொன்னால், கதை எங்கே முடிந்தது, வியாபாரம் எங்கே தொடங்கியது என்று ஐந்து வயதுக்குத் தெரியாது. 1968-ல் பாஸ்டன் பக்கத்தில் பெக்கி சாரனும் சில தாய்மார்களும் தொடங்கிய அமைப்பு இதைத்தான் பிடித்துக்கொண்டது. 1970-களின் முற்பகுதியில், நிகழ்ச்சி நடத்துபவரே பொருளை விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. 1974-ல் தகவல் தொடர்பு ஆணையமும் அதையே கொள்கையாக அறிவித்தது. கோரிக்கை நியாயமானது, அதில் ஐயமில்லை. ஆனால் கோமாளியே சொல்லும் விளம்பரம்தான் உள்ளூர் நிகழ்ச்சியின் பெரிய வரவு. அது போனதும், இசைக்குழுவும் ஸ்டுடியோவும் தேவையில்லாத பழைய கார்ட்டூன் தொகுப்பு நிலையங்களுக்கு மலிவாகத் தெரிந்தது. பிறகு கேபிள் வந்தது, குழந்தைகளுக்கென்றே நாள் முழுக்க ஓடும் சேனல்கள் வந்தன. சிகாகோ போஸோ மட்டும் தாக்குப்பிடித்து, வாரத்துக்கு ஒருநாள், ஞாயிறு காலை என்று சுருங்கி, 2001-ல் நின்றது.

நினைவில் இருப்பது யார்

நேரலை என்பதால் முற்பகுதி நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை எங்கும் இல்லை. வீடியோ டேப் 1956-ல் வந்தும், ஒரு மணி நேர டேப்பின் விலை அன்று சுமார் 300 டாலர். ஓடி முடிந்ததை அழித்துவிட்டு அதிலேயே அடுத்ததைப் பதிந்தார்கள். எனவே அந்தத் தலைமுறையின் நினைவைப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வழி குறைவு. இந்த இடைவெளியில்தான் ஒரு கதை குடியேறியது.

கதை இது: வாளி ஆட்டத்தில் ஒரு பையன் தவறவிட்டுக் கெட்ட வார்த்தை சொல்கிறான். போஸோ கண்டிக்கிறார். பையன் அவரையே பதிலுக்கு ஒரு வசை வைகிறான். நேரலை என்பதால் நிறுத்த முடியவில்லை. இதைத் "தாங்களே பார்த்தோம்" என்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், ஆளாளுக்குத் தங்கள் ஊர் நிலையத்தைச் சொல்கிறார்கள். பதிவு ஒன்றுகூட வெளிவந்ததில்லை. டிவிக்கு முன்பே நியூயார்க் வானொலியில் அங்கிள் டான் என்ற குழந்தை நிகழ்ச்சிக்காரர், மைக் அணைந்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகளைத் திட்டிவிட்டார் என்று இதே அச்சில் ஒரு கதை உலவியது. ஒலிபரப்புத் தவறுகளைத் தொகுத்து விற்ற ஒருவர், அந்தக் காட்சியை நடிகர் குரலில் புதிதாகப் பதிந்து இசைத்தட்டில் சேர்த்தார். தட்டைக் கேட்டவர்கள் வானொலியில் கேட்டதாகவே நினைவு வைத்துக்கொண்டார்கள்.

இதைப் பொய் என்பது அவசரம். நினைவு, நடந்ததையும் அது எங்கிருந்து கிடைத்தது என்பதையும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. முதலாவது தங்கிவிடும், இரண்டாவது சீக்கிரம் உதிரும். பள்ளி மைதானத்தில் ஒருவன் சொன்ன காட்சி பத்து வருஷத்தில் கண்ணால் பார்த்த காட்சியாக மாறிவிடும். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், பக்ஸ் பன்னி முயலைக் காட்டும் போலி டிஸ்னிலேண்டு விளம்பரத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்தவர்களில் 16 சதவீதம் பேர், சிறுவயதில் அங்கே அந்த முயலோடு கைகுலுக்கியதாகச் சொன்னார்கள். பக்ஸ் பன்னி போட்டி நிறுவனமான வார்னருடையது, டிஸ்னிலேண்டில் கால் வைக்க வழியே இல்லை.

டிவி கோமாளி இந்தக் குழப்பத்துக்கென்றே செய்த பாத்திரம் போன்றவர். ஒரே முகம் ஊர்ஊராக வருவதால் எந்த ஊரின் கதையும் எந்த ஊருக்கும் பொருந்தும். வீடு மாறிப்போன குழந்தை இரண்டு போஸோக்களை ஒருவராகச் சேர்த்துவிடும். இப்படிப்பட்ட நினைவைச் சரிபார்க்க வேண்டுமானால் முதலில் ஊரையும் வருஷத்தையும் கேளுங்கள். மூன்று மூன்றரை வயதுக்கு முந்தியது என்றால் பெரும்பாலும் அது பிறர் சொல்லிக் கேட்டது, பெரியவர்கள் நினைவில் அந்த வயதுக்கு முன்னால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சுவதில்லை. பிறகு அந்த ஊர்ச் செய்தித்தாளின் அன்றைய டிவி அட்டவணையைப் பாருங்கள், நூலகங்களில் மைக்ரோஃபிலிமில் இருக்கும். சேனலும் நேரமும் பொருந்துகிறதா? பள்ளி நாளா, விடுமுறையா? யாரோடு உட்கார்ந்து பார்த்தார், யார் வீட்டில்? பக்கத்து வீட்டில் என்றால் அந்த வீட்டில் எந்த வருஷம் டிவி வாங்கினார்கள்?

எல்லாவற்றையும்விட நன்றாகப் பிரித்துக் காட்டும் கேள்வி ஒன்று உண்டு. போஸோவின் முடி என்ன நிறம்? ஆரஞ்சு என்று எல்லாரும் உடனே சொல்வார்கள். அமெரிக்க வீடுகளில் பாதிக்கு வண்ண டிவி வந்ததே 1972 வாக்கில்தான். அதற்கு முன்னால் பார்த்த பெரும்பாலோருக்குத் திரையில் தெரிந்தது சாம்பல் முடி. ஆரஞ்சு வேறெங்கிருந்தோ வந்தது, பொம்மைப் பெட்டியிலிருந்தோ, இசைத்தட்டு உறையிலிருந்தோ, பின்னாளில் பார்த்த புகைப்படத்திலிருந்தோ. 1946-ல் டிவி இல்லாத வீட்டில் தரையில் படுத்துக்கொண்டு, சைகை கேட்டுப் பக்கம் புரட்டிய பிள்ளைதான் அந்த நிறத்தை முதலில் பார்த்தது.